கடலடி வரைபடம் அவங்களுக்கு, உப்புத்தண்ணி நமக்கா?

 

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒண்ணு சேருகிற திருமுக்கூடலில் இருந்து இதை எழுதுகிறோம். ஆத்துல தண்ணி இல்லை, போர் போட்டா புகைதான் வருது, நெல்லுக்குக் கட்டுப்படியான விலை இல்லை. இத்தனை கவலை இருக்கும்போது, கடலுக்கு அடியில் பாறை எப்படி அடுக்கி இருக்கிறது என்று எழுத வந்துவிட்டார்களே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பாறை அடுக்கைப் படிக்கிறவர்கள் கையில்தான் நம்ம மண்ணின் தலையெழுத்தும் இருக்கிறது என்பதால் எழுதுகிறோம்.

டெல்டா மாவட்டத்து விவசாயிகள் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். 2010-ல் மன்னார்குடி பக்கம் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டபோது அந்த ஊர்க்காரர்களுக்கு ஒண்ணும் தெரியாது. தன் வயலுக்கு அடியில் நிலக்கரி இருப்பதும், அதில் மீத்தேன் இருப்பதும், அதை எடுக்க நிலத்தடித் தண்ணீரை இறைத்துக் கொட்டணும் என்பதும் கடைசியில்தான் தெரிந்தது. நமக்கு அந்த நிலைமை வரும் முன்னாடியே தெரிந்துகொள்வோம்.

நம்ம காலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஏறக்குறைய 13 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்த வங்கக் கடலே கிடையாது. நம்ம நாடும் தென்துருவத்தில் இருக்கிற அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்புறம் நிலம் பிளந்தது. நிலம் இழுபட்டுப் பிளக்கும்போது ஒரே கோடாகப் பிளக்காது. சில இடம் கீழே இறங்கும், சில இடம் மேலேயே நிற்கும். நாம கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி பிடித்து வரப்பு போடுகிறோமே, அந்த மாதிரி. இறங்கின இடம் பாத்தி, நின்ற இடம் வரப்பு. என்ன, ஒவ்வொரு பாத்தியும் பல மைல் அகலம், ஆயிரக்கணக்கான அடி ஆழம்.

அந்தப் பாத்திகளில் பழைய ஆறுகள் கோடிக்கணக்கான வருஷம் மணலும் களிமண்ணும் கொண்டுவந்து கொட்டின. மேலே மேலே விழுந்த பாரத்தில் அடியில் இருந்தது இறுகிப் பாறை ஆனது. இதைத்தான் படிவுப் படுகை என்கிறார்கள். தமிழ்நாட்டுக் கரையில் இப்படி இருக்கிற பெரிய படுகை காவிரிப் படுகை. கும்பகோணம் – மாதானம் மேடு, பட்டுக்கோட்டை – மன்னார்குடி மேடு என்று அதில் உள்ள வரப்புகளுக்கு நம்ம ஊர்ப் பேரையே வைத்திருக்கிறார்கள். நடுவில் தஞ்சாவூர்ப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம். இவை கரையோடு நிற்பதில்லை. கடலுக்கு அடியிலும் போகின்றன.

காவிரிப் படுகைக்கு வடக்கே இருப்பது பாலாற்றுப் படுகை. அதாவது நம்ம படுகை. இதிலும் ஒரு பகுதி கரையில், மீதி கடலில். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம் இதன் பழைய அடுக்குகள் மேலேயே தெரிகின்றன. அந்தக் கல்லை உடைத்தால் இலை அச்சு கிடைக்கும். அதே அடுக்கில் கடல் பிராணிகளின் ஓட்டு அச்சும் கிடைத்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு காலத்தில் கடல் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வந்து போயிருக்கிறது. படுகைக்கு வெளியே பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் பழைய அடிப்பாறை வெளியே நிற்கிறது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்தான் அது. அவர் பேரை வைத்தே அந்தக் கல்லுக்கு சார்னோகைட் என்று பேர் வைத்தார்கள். நம்ம கல்லு, பேரு அவருது!

ஆக, கடலுக்கு அடியில் கிடப்பது வேற்று மண் இல்லை. இந்தப் பக்கத்து மலையும் மேடும் கரைந்து போய்ப் படிந்த மண். கரையும் கடலும் ஒரே துணியின் ரெண்டு ஓரம். ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் இன்னொரு ஓரம் சும்மா இருக்காது.

கடலடியை எப்படிப் படிக்கிறார்கள்?

ஒரு கப்பல் கடலில் போகும். அதன் பின்னால் காற்றை அழுத்தி வெடிக்கிற துப்பாக்கிகளையும், பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிவாங்கிகள் கோத்த கம்பிகளையும் இழுத்துக்கொண்டு போகும். சில வினாடிக்கு ஒரு தடவை டமார் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் தண்ணீரைத் தாண்டி, மண்ணைத் தாண்டி, பாறை அடுக்கு ஒவ்வொன்றிலும் பட்டுத் திரும்பி வரும். எந்த அடுக்கில் இருந்து எத்தனை நேரத்தில் எதிரொலி வந்தது என்று பதிவு செய்வார்கள். வெறும் கிணத்துல குரல் கொடுத்து ஆழம் பார்க்கிற மாதிரிதான்.

கரையில் இதையே வேற மாதிரி செய்வார்கள். வயலில் வரிசையாகக் குழி தோண்டி வெடி வைப்பார்கள். இல்லாவிட்டால் நிலத்தை உதறுகிற கனமான லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கம்பி இழுத்துக்கொண்டு போவார்கள். வரப்பு உடையும், பயிர் மிதிபடும். நில அதிர்வு ஆய்வு என்று இதற்குப் பேர்.

வந்த எதிரொலிகளை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு படம் வரும். வரி வரியாக, கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். அதில் இது மணல்கல், இது களிப்பாறை, இங்கே பாறை முறிந்திருக்கிறது, இங்கே கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேடாக இருக்கிறது, அந்தக் கிண்ணத்துக்குள் எண்ணெயோ வாயுவோ தங்கியிருக்கலாம் என்று ஒரு நிபுணர் கோடு போடுவார்.

இங்கேதான் நாம கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. அது போட்டோ இல்லை. அதில் இருப்பது நேரம், ஆழம் இல்லை. நேரத்தை ஆழமாக மாற்ற, சத்தம் அந்தப் பாறையில் எத்தனை வேகத்தில் போனது என்று தெரியணும். கிணறு தோண்டாத இடத்தில் அந்த வேகம் ஒரு கணிப்புதான். சத்தம் போய்த் திரும்பி வர 2 வினாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். வேகம் வினாடிக்கு 2500 மீட்டர் என்றால் அந்தப் பாறை 2500 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வேகம் 2750 என்றால் 2750 மீட்டரில் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு கணக்குப் பிசகினால் 250 மீட்டர் வித்தியாசம்! அதற்குள் ஒரு மலையே அடங்கும். வேகக் கணக்கு பிசகினதால் இல்லாத மேடு படத்தில் மேடாகத் தெரிவதும் உண்டு. வாயு இருந்தால் படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும் என்பார்கள். கொஞ்சூண்டு வாயு இருந்தாலும் அதே பளிச்சுதான் தெரியும். நிறைய இருக்கா, கொஞ்சம் இருக்கா என்று பளிச்சு சொல்லாது.

நிபுணர்களே இதை ஒத்துக்கொள்கிறார்கள். 2007-ல் கிளேர் பாண்ட் என்ற நிலவியல் அம்மையாரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். விடை தெரிந்த ஒரு படத்தை அவர்களே தயார் செய்து நிபுணர்களிடம் கொடுத்தார்கள். 412 பேர் படித்துச் சொன்னது சேர்ந்தது. அந்த நிலம் எந்த விதமாக உருவானது என்று சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான். தான் இதுவரைக்கும் எந்த மாதிரி நிலத்தில் வேலை பார்த்தாரோ, அதையே இங்கேயும் பார்த்தவர்கள் பலர்.

இதை நாங்கள் கேலிக்காகச் சொல்லவில்லை. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் சொன்ன இடத்தில் போர் போட்டுக் கடன்காரர் ஆனவர்கள் நம்மில் எத்தனை பேர்? மிஷின் வைத்துப் பார்த்தும் தண்ணி வராமல் போனதும் உண்டு. பூமிக்கு அடியில் இருப்பதைப் படிப்பது கஷ்டமான வேலை. படித்தவர் சொன்னதை ஊகம் என்று எடுத்துக்கொள்ளணும், வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் நாங்கள் சொல்வது.

ஊகம் தப்பினால் யார் தலையில் விடியும்?

நமக்கு வடக்கே ஆந்திரக் கடலில் கிருஷ்ணா – கோதாவரிப் படுகை இருக்கிறது. அதுவும் நம்ம படுகை மாதிரியே அதே பிளவில் பிறந்தது. 2002-ல் ரிலையன்ஸ் கம்பெனி அங்கே பெரிய வாயுக் கிணறு கண்டதாகச் சொன்னது. 2009 ஏப்ரலில் வாயு வரத் தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்று திட்டம். 2010-ல் 6 கோடியைத் தாண்டியதோடு சரி, 8 கோடியைத் தொடவே இல்லை. 2013-14க்குள் உச்சத்தில் இருந்த அளவில் கால்வாசிக்கும் கீழே இறங்கிவிட்டது. நாங்கள் நினைத்ததைவிட நிலத்தடி சிக்கலாக இருக்கிறது என்றது கம்பெனி. ஒத்துக்கொண்ட அளவுக்குக் கிணறு தோண்டவில்லை என்றது அரசாங்கம். வழக்குக்கு மேல் வழக்கு. அந்த வாயுவில் முதல் பங்கு உரத் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. யூரியா மூட்டைக்கு சொசைட்டி வாசலில் கால் கடுக்க நிற்கிற நமக்கு இது அந்நியக் கதையா?

அதே கடலில் இன்னொரு கதை. 2005 ஜூனில் குஜராத் அரசாங்கத்தின் பெட்ரோலிய நிறுவனம் 20 லட்சம் கோடி கன அடி வாயு கண்டதாக அறிவிப்பு வந்தது. நாட்டின் எரிபொருள் பஞ்சமே தீர்ந்துவிட்டது என்று பேசினார்கள். கடைசியில் திட்டம் ஒப்புதலுக்குப் போனபோது கணக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நின்றது. பல ஆயிரம் கோடி ரூபாய் போட்டும் வாயு சொன்னபடி வரவில்லை. மத்தியத் தணிக்கைத் துறை இதைக் கண்டித்து எழுதியது. 2017-ல் அந்த நிறுவனத்தின் பங்கை ஓ.என்.ஜி.சி. சுமார் 8000 கோடி ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டது. ஓ.என்.ஜி.சி. யாருடையது? நம்ம எல்லாருடையதும்தான். ஊகம் தப்பினது ஒருத்தர், பணம் கட்டினது இன்னொருத்தர்.

நம்ம போர் ஏமாத்தினால் எந்தத் தணிக்கைத் துறை எழுதுகிறது? நம்ம பங்கை யார் வாங்கிக்கொள்கிறார்கள்? நகையை அடகு வைத்துப் போட்ட போர் பொய்த்தால் அந்த நஷ்டம் நம்ம வீட்டு நஷ்டம் மட்டும்தான்.

சரியாகப் படித்தாலும் ஆபத்து உண்டு. மீஞ்சூரைப் பாருங்கள்!

படித்தது தப்பினால் பணம் போகும். படித்தது சரியாக இருந்து, அதை எடுக்கிறவர் மட்டும் பயன்படுத்தினால் ஊரே போகும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் அதற்குச் சாட்சி.

1960களில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு ஆரணியாறு – கொசஸ்தலையாறு பக்கத்து நிலத்தடியை ஆராய்ச்சி செய்தார்கள். மணல் அடுக்கு எங்கே இருக்கிறது, எத்தனை அடி கனம், எவ்வளவு தண்ணி என்று நன்றாகவே படித்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று இடம் குறித்து ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் ராத்திரி பகலாகத் தண்ணி இறைத்தார்கள். படம் சரி. ஆனால் எத்தனை இறைத்தால் கடல் உள்ளே வரும் என்ற கணக்கை யாரும் காவல் காக்கவில்லை. 1960களின் கடைசியிலேயே கடல் தண்ணி நிலத்தடியில் உள்ளே வந்தது தெரிந்தது. அப்புறமும் இறைத்தார்கள். வருஷத்துக்கு வருஷம் உப்பு உள்ளே நகர்ந்தது. இனிப்பாக இருந்த விவசாயக் கிணறுகள் கரித்துப் போயின. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சென்னை சுற்றுவட்டாரத்துக்குச் சட்டம் வந்தது 1987-ல். நோய் முற்றின பிறகு வைத்தியம்!

இது எப்படி நடக்கிறது என்று நாம தெரிந்துகொள்ளணும். நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம். கடல் ஓரத்து மணலில் நல்ல தண்ணி மேலே மிதந்துகொண்டிருக்கும், உப்புத்தண்ணி கீழே இருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி ஒரு அடி நின்றால், கீழே நாற்பது அடி ஆழத்துக்கு உப்புத்தண்ணியை அழுத்திப் பிடிக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். ஒண்ணுக்கு நாற்பது. வட்டிக்காரன்கூட இந்த வட்டி போட மாட்டான்.

இப்போது நம்ம பாலாற்றுக்கு வாருங்கள். இந்த ஆறு கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரா வழியாக வந்து, 348 கிலோமீட்டர் ஓடி வயலூர் பக்கம் கடலில் சேருகிறது. அதில் 222 கிலோமீட்டர் நம்ம தமிழ்நாட்டில். மேலே தண்ணி ஓடாத காலத்திலும் மணலுக்குள்ளே ஓடும். அந்த ஓட்டத்தை நம்பித்தான் நம்ம முன்னோர்கள் ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். தாம்பரம், பல்லாவரம் மாதிரி புறநகர்களுக்குக் குடிநீரும் இந்த ஆற்றுக் கிணறுகளில் இருந்துதான் போனது. மணலை லாரி லாரியாக அள்ளியாகிவிட்டது. மேலே தோல் கழிவு, கீழே கடல். நடுவில் நாம.

திருமுக்கூடலில் மணலும் தண்ணியும் நின்றால்தான் கீழே வயலூர்க்காரனின் கிணத்துல உப்பு ஏறாது. இங்கே இருக்கிற மணல் கடலுக்கு அடியிலும் தொடர்கிறதா? எத்தனை தூரம்? நல்ல தண்ணியும் உப்புத்தண்ணியும் எந்த இடத்தில் சந்திக்கின்றன? அந்தக் கோடு போன பத்து வருஷத்தில் எத்தனை நகர்ந்தது? எண்ணெய்க்குப் படிக்கிற அதே அறிவியல் இதையும் படித்துச் சொல்லும். படிக்கச் சொல்ல ஆள் இல்லை. அதுதான் குறை.

எண்ணெய்க்கு ஒரு கண், தண்ணீருக்கு ஒரு கண்ணா?

2016-ல் தேசிய நில அதிர்வுத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இதுவரைக்கும் படிக்காத படுகைகளில் 48 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கோடு போட்டு ஆய்வு. செலவு சுமார் 3000 கோடி ரூபாய், மக்கள் வரிப்பணம். அப்படிச் சேர்த்த விவரங்களை எல்லாம் டெல்லி பக்கத்தில் நொய்டாவில் ஒரு தேசியக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள். 2017-ல் அதைத் திறந்தபோதே, கம்பெனிகள் அந்த விவரத்தைப் பார்த்துத் தங்களுக்கு வேண்டிய வட்டாரத்தைத் தாங்களே குறித்துக் கேட்கலாம் என்ற முறையும் வந்தது. படம் எடுக்கப்பட்ட நிலத்துக்குச் சொந்தக்காரன் அந்தப் படத்தைப் பார்த்தானா? அவனுக்குப் புரிகிற பாஷையில் யாராவது சொன்னார்களா?

தண்ணீருக்கும் திட்டம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-ல் தொடங்கி 2023-ல் நாடு முழுக்க நீர்ப்படுகை வரைபடம் முடித்தது. அந்தப் படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 500 மீட்டர். நம்ம ஊர் வயல், ஏரி, ஆற்றங்கரை எல்லாம் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். எந்தக் கிணத்துல எத்தனை அடியில் தண்ணி, எந்தக் கரை மணல் எத்தனை அடி கனம் என்று அதில் எப்படித் தெரியும்? கடலில் ஒரு கிணறு தோண்டப் பல நூறு கோடி செலவழிக்கும் முன்னாடி, அந்த இடத்தை மட்டும் நாலு பக்கமும் நெருக்கமாகப் படிக்கிறார்கள். அந்த நெருக்கம் நம்ம தண்ணீருக்கும் வேணும்.

சட்டம் நம்ம பக்கம் இருக்கிறதா?

2020 ஜனவரி 16-ல் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயு இருக்கா என்று பார்க்கத் தோண்டுகிற ஆய்வுக் கிணறுக்கு, அது கரையானாலும் கடலானாலும், பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஆகிவிட்டது. உற்பத்திக்குத்தான் கேட்பார்களாம். பெண் பார்க்கும்போது கேட்க மாட்டார்கள், தாலி கட்டின பிறகு சம்மதமா என்று கேட்பார்களாம்!

அடுத்த மாசமே, 2020 பிப்ரவரியில், தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. டெல்டா விவசாயிகள் பல வருஷம் போராடி வாங்கினது. மீத்தேனுக்கு எதிராக ஊர் ஊராகப் போன நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30-ல் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே உயிர்விட்டார். 2015-ல் மீத்தேனுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஊரே தெருவுக்கு வந்தது. அதன் பலன்தான் அந்தச் சட்டம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில வட்டாரங்களும் அதில் வந்தன. காஞ்சிபுரம் இல்லை. செங்கல்பட்டு இல்லை. கடலும் இல்லை.

2024 தொடக்கத்தில் குமரிக் கடலில் மூன்று ஆழ்கடல் வட்டாரங்களை, எல்லாம் சேர்த்து 27 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், ஓ.என்.ஜி.சி.க்குக் கொடுத்தார்கள். மீனவர்கள் இன்றைக்கும் எதிர்க்கிறார்கள். 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி கொடுத்த செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்டில், இதை அனுமதிக்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசே சொல்ல வேண்டி வந்தது. முதலில் அனுமதி, அப்புறம் செய்தி, அப்புறம் போராட்டம், அப்புறம் ரத்து. இந்த வரிசையைத் திருப்பிப் போடணும். முதலில் ஊருக்குச் செய்தி. அப்புறம்தான் மற்றது.

நாம எண்ணெய்க்கு எதிரியா?

இந்தக் கேள்வி வரும். டீ கடையிலேயே கேட்பார்கள். "உன் டிராக்டர் தண்ணியிலயா ஓடுது?" நியாயமான கேள்வி. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85க்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. டீசல் விலை ஏறினால் உழவுக்கூலி ஏறுகிறது, அறுவடை மிஷின் வாடகை ஏறுகிறது. அதை நாம அறிவோம். பாலாற்றுப் படுகையில் இன்றுவரைக்கும் வணிக அளவில் எண்ணெய் எடுக்கவில்லை என்பதையும் அறிவோம். திருமுக்கூடலில் இன்றைக்கு எந்த ரிக்கும் நிற்கவில்லை. இல்லாத பேயைக் காட்டிப் பயமுறுத்துவது எங்கள் வேலை இல்லை.

ஆனால் காவிரியோடு பாலாற்றையும் சேர்த்து ஆழ்கடல் வட்டாரம் பிரித்து 2000களிலேயே ஏலம் விட்டாகிவிட்டது. படிக்கிற வேலை நிற்கவில்லை. எண்ணெய் இருப்பது மைல் கணக்கான ஆழத்தில் என்று சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். அந்த ஆழத்துக்குப் போகிற கிணறு எதன் வழியாகப் போகும்? கரையில் தோண்டினால் நம்ம நல்ல தண்ணி இருக்கிற மணலைத் துளைத்துக்கொண்டுதானே போகும். குழாயைச் சுற்றிப் போட்ட சிமெண்ட் சரியாக இருந்தால் பிரச்சினை இல்லை. சரியாக இல்லாவிட்டால்? எண்ணெயோடு மேலே வருகிற உப்புத்தண்ணியை எங்கே கொட்டுவார்கள்? இதை எல்லாம் முன்னாடியே கேட்கிறவன் நாட்டுக்கு எதிரி இல்லை. கிணறு வெட்டும் முன்னாடி பக்கத்து நிலத்துக்காரனைக் கேட்பது ஊர் வழக்கம்.

நம்ம ஊர்க் கல்லைப் படியுங்கள்!

திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டின கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை வைத்த ஆஸ்பத்திரி, வைத்தியருக்கு இவ்வளவு நெல், அறுவை வைத்தியம் பார்ப்பவருக்கு இவ்வளவு, நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்களுக்கு இவ்வளவு, இருப்பில் இருக்கும் மருந்து என்னென்ன என்று எல்லாம் எழுதியிருக்கிறது. பக்கத்தில் உத்திரமேரூரில் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற முறையையே சுவரில் வெட்டி வைத்தார்கள். அந்தக் காலத்துச் சபைகளில் எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் நாம மறக்கவில்லை. இருந்தாலும் பொதுச் சொத்தின் கணக்கைப் பொது இடத்தில், இந்த ஊர்ப் பாஷையில் எழுதி வைக்கணும் என்ற புத்தி இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி மருந்துக் கணக்கைச் சுவரில் எழுத முடிந்தது. கம்ப்யூட்டர் காலத்தில் மண்ணுக்கு அடியில் இருக்கிற தண்ணிக் கணக்கைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுத முடியாதா?

நாம கேட்பது இவ்வளவுதான்:

1. கரையிலோ கடலிலோ நில அதிர்வு ஆய்வு செய்யும் முன்னாடி, எந்தக் கோட்டில், எதற்காக, யார் செய்கிறார்கள் என்று தமிழில் எழுதி அந்தந்தக் கிராம சபையிலும் மீனவக் கிராமத்திலும் வைக்கணும். பயிர், வரப்பு, கிணறு சேதத்துக்கு நஷ்ட ஈடு எவ்வளவு என்று ஆய்வுக்கு முன்னாடியே பேசி முடிக்கணும்.

2. படித்து முடித்த பிறகு, அந்தப் படம் எவ்வளவு நிச்சயம், எவ்வளவு ஊகம் என்பதையும் சேர்த்து மக்களுக்குச் சொல்லணும்.

3. ஆய்வுக் கிணறுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பைத் திரும்பக் கொண்டுவரணும்.

4. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பாலாற்றுப் பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்கணும்.

5. திருமுக்கூடல் முதல் கடல் வரைக்கும், கடலுக்குள்ளும், பாலாற்று மணல் அடுக்கை ஊர் அளவில் படித்து வரைபடம் போடணும். நல்ல தண்ணியும் உப்புத்தண்ணியும் சந்திக்கிற கோட்டை வருஷா வருஷம் அளந்து, பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதி வைக்கணும்.

ஐந்தாவது கோரிக்கைதான் உயிர்நாடி. மற்ற நாலும் நம்மைக் காப்பாற்றிக்கொள்ள. இது நம்ம பிள்ளைகள் இந்த மண்ணில் விவசாயம் செய்ய.

பெருமக்களே! இதற்குப் பெரிய படிப்பு வேணும் என்று பயப்படாதீர்கள். நம்ம வேலையை நாமே தொடங்கலாம். ஊருக்குப் பத்து கிணறு தேர்ந்தெடுங்கள். மாசத்துக்கு ஒரு தடவை கயிறு விட்டு எத்தனை அடியில் தண்ணி என்று நோட்டில் எழுதுங்கள். தண்ணி கரிக்கிறதா என்று வாயில் வைத்துப் பார்த்து அதையும் எழுதுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அழகாக எழுதுவார்கள். ரெண்டு வருஷம் எழுதினால் அந்த நோட்டை எந்த அதிகாரியும் தள்ளிவிட முடியாது. படம் இல்லாத இடத்தில் கணக்கு நோட்டு பேசும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. மார்ச் 22 உலக தண்ணீர் தினம். அடுத்து எந்த சபை வந்தாலும் கூட்டமாகப் போவோம். திருமுக்கூடல், பழையசீவரம் முதல் வயலூர் வரைக்கும் ஆற்றின் ரெண்டு கரை ஊர்களிலும் இந்த ஐந்து கோரிக்கையையும் தீர்மானமாகப் போடுவோம். தீர்மான நோட்டில் எழுதின பிறகே கையெழுத்துப் போடுவோம். வெறும் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டோம். பெண்கள் கட்டாயம் வரணும். கிணத்துத் தண்ணி கரிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது உலை வைக்கிறவங்கதான்.

மூணு ஆறு சேருகிற இடத்தில் இருக்கிற நாம முப்பது ஊர் சேர மாட்டோமா?

படிக்கிற உரிமை நமக்கும் உண்டு! பாலாற்று மணல் நமது! அடியில் ஓடும் தண்ணீர் நமது!

ஒன்று சேர்வோம்! கணக்குக் கேட்போம்!